மறைந்துபோன ஒரு தொகுதியின் வரலாற்றை எழுதுவது எப்படி: தென்னாப்பிரிக்க டெலிகேட்ஸ் அவையின் 40 தொகுதிகள்

அரீனா பார்க், ரிசர்வோயர் ஹில்ஸ், ஸ்பிரிங்ஃபீல்ட், டொங்காட், ஸ்டேங்கர், லாடியம், ரைலண்ட்ஸ். ஊர்ப்பெயராக நமக்குத் தெரிந்த இவையெல்லாம் 1984 முதல் 1994 வரை நாடாளுமன்றத்தில் இந்தியருக்கென இருந்த தனி அவையின் தொகுதிகளாகவும் இருந்தன. நம் தாத்தா, ஆயா பெயர்கள் அவற்றின் வாக்காளர் பட்டியலில் ஏறின. பட்டியலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வாக்களிக்கப் போகவில்லை. இந்தத் தொகுதிகளில் ஒன்றின் வரலாற்றை ஒழுங்காக எழுத விரும்பும் கோயில் கமிட்டி, பள்ளி ஆசிரியர், உள்ளூர் வரலாற்றுக் குழு எவருக்கும் இந்த வழிமுறை உதவும். அடிப்படைக் கருத்து ஒன்றுதான்: வென்றவர் பெயரைப் போலவே, வாக்களிக்க மறுத்தவர்களின் எண்ணிக்கையும் தொகுதியின் வரலாறு. இரண்டாவதை விட்டுவிட்டு எழுதினால் பாதிக் கதைகூடத் தேறாது.

எந்த அவை, எந்தத் தேர்தல்

முதல் வேலை, எதைப் பற்றி எழுதுகிறோம் என்பதைச் சட்டப்படி உறுதி செய்வது. 1983ஆம் ஆண்டின் 110ஆம் எண் அரசியலமைப்புச் சட்டம் நாடாளுமன்றத்தை மூன்று அவைகளாகப் பிரித்தது. வெள்ளையருக்கு ஹவுஸ் ஆஃப் அசெம்பிளி, 178 இடம். கலர்ட் (கலப்பினத்தவர் என்று அரசு வகைப்படுத்திய) மக்களுக்கு ஹவுஸ் ஆஃப் ரெப்ரசென்டேட்டிவ்ஸ், 85 இடம். இந்தியருக்கு ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ், 45 இடம். கறுப்பின மக்களுக்கு எந்த அவையும் இல்லை. டெலிகேட்ஸ் அவையின் 45 பேரில் 40 பேர்தான் தொகுதியிலிருந்து வந்தவர்கள். மற்ற ஐவரில் இருவரைக் குடியரசுத் தலைவர் நியமித்தார், மூவரை அவையின் உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தார்கள். இந்த ஐவருக்கும் தொகுதி கிடையாது. பழைய எம்.பி. ஒருவரின் பெயர் கிடைத்தவுடன் அவர் குடியிருந்த ஊரையே அவர் தொகுதியாக எழுதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

40 தொகுதிகளில் நேட்டாலுக்கு 29, டிரான்ஸ்வாலுக்கு 8, கேப்புக்கு 3. ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டுக்கு ஒன்றுகூட இல்லை. அங்கே இந்தியர் குடியேறுவதை 1891ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்ததே காரணம். உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள். தொகுதி வரைபடத்தில் ஒரு மாகாணமே வெற்றிடமாக இருப்பதைப் பார்த்தவுடன் இந்த அமைப்பின் தன்மை வாசகருக்குப் புரிந்துவிடும்.

அடுத்த குழப்பம் பெயரில். ஒரே பெயரில் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு அமைப்பில் தொகுதிகள் இருந்திருக்கலாம். 1981 நவம்பர் 4 அன்று, டெலிகேட்ஸ் அவைக்கு முன்பிருந்த ஆலோசனை அமைப்பான தென்னாப்பிரிக்க இந்தியர் கவுன்சிலுக்குத் தேர்தல் நடந்தது. அதிலும் தேர்ந்தெடுக்கும் இடங்கள் 40தான். அந்த முடிவுகளை 1984ஆம் ஆண்டின் முடிவுகள் என்று நினைத்து எடுத்தெழுதியவர்கள் உண்டு. வெள்ளையர் அவையிலும் உம்லாசி என்றொரு தொகுதி இருந்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த உம்லாசி டவுன்ஷிப்புக்கு அதில் வாக்கில்லை. ஆகவே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: அமைப்பின் பெயர், தேர்தல் தேதி, தொகுதிப் பெயர். டெலிகேட்ஸ் அவைக்கு இரண்டே பொதுத் தேர்தல்கள்: 1984 ஆகஸ்ட் 28, 1989 செப்டம்பர் 6. 1984இல் கலர்ட் அவைக்கான தேர்தல் ஆறு நாள் முன்னதாக, ஆகஸ்ட் 22 அன்று நடந்தது. அந்த வாரத்துச் செய்தித்தாள்களில் இரண்டும் கலந்து கிடக்கும், கவனம். இடைத்தேர்தல்களுக்குத் தனித் தேடல் வேண்டும்.

முன்கதையும் தேவை, ஆனால் சுருக்கமாக. நேட்டாலில் இந்தியரின் வாக்குரிமையை 1896ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்தது. 1946ஆம் ஆண்டின் 'கெட்டோ சட்டம்' நேட்டால், டிரான்ஸ்வால் இந்தியருக்கு வெள்ளையர் வழியாகப் பிரதிநிதித்துவம் தருவதாகச் சொன்னது. இந்தியர் அதை மறுத்தார்கள். அந்தப் பகுதி நடைமுறைக்கே வராமல் 1948இல் நீக்கப்பட்டது. 1984இல் நடந்த மறுப்புக்கு இவ்வளவு பழைய வேர் இருக்கிறது என்பதைக் காட்ட ஒரு பத்தி போதும்.

எல்லையை வரைவது

ஊர் எல்லை வேறு, தொகுதி எல்லை வேறு. டர்பனின் பெரிய இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வர்த் ஒன்றே பல தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மாறாக, டிரான்ஸ்வாலின் சிற்றூர்களில் கடை வைத்திருந்த குடும்பங்களையெல்லாம் சேர்த்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்த தொகுதிகளை அமைத்தார்கள். எல்லைக்கு நம்பக்கூடிய ஒரே மூலம் அரசிதழ்தான். எல்லை வரையறை ஆணையத்தின் அறிவிப்பு அதில் வெளியானது. தேதி, இதழ் எண், அறிவிப்பு எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 1984இன் எல்லைதான் 1989க்கும் பொருந்தும் என்று வைத்துக்கொள்ளாமல், இரண்டு தேர்தலுக்கும் முந்தைய அறிவிப்புகளைத் தனித்தனியே பாருங்கள். பழைய அரசிதழ்கள் பலவற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே இல்லாததை பிரிட்டோரியா, கேப் டவுன் நகரங்களின் தேசிய நூலகங்களிலோ, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் முசுண்டூசி நூலகத்திலோ கேட்கலாம். அச்சான ஒவ்வொன்றிலும் ஒரு படி இந்த நூலகங்களுக்குப் போகவேண்டும் என்பது சட்டம்.

எல்லை விவரம் சொற்களில் இருக்கும்போது பண்ணைப் பெயர், நில எண், ஆறு, ரயில் பாதை, சாலை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். அதை அப்படியே கட்டுரையில் கொட்டாமல் வரைபடமாக்குங்கள். செலவில்லாமல் செய்ய கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் போதும். அரசின் 1:50,000 அளவுத் தாள்களில் அந்தக் காலத்துப் பதிப்பைக் கேப் டவுன் மௌபிரேயில் உள்ள தேசிய நிலவரைபட அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். தாள் எண்கள்: சாட்ஸ்வர்த்துக்கு 2930டிடி, டர்பன் நகர மையத்துக்கு 2931சிசி, டொங்காட்டுக்கு 2931சிஏ. பண்ணை, நில எண்களுக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க் சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தின் நில வரைபடங்கள் வேண்டும்.

வரைபடம் பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான். பழைய தாள்கள் கேப் டேட்டம் என்ற அளவை அடிப்படையில் வரையப்பட்டவை. 1999 ஜனவரி 1 முதல் தென்னாப்பிரிக்கா ஹார்டபீஸ்ட்ஹூக்94 என்ற புதிய அடிப்படைக்கு மாறியது. சர்வேயர்கள் பயன்படுத்தும் 'லோ' என்ற மீட்டர் ஆள்கூற்று முறையில் இரண்டுக்கும் இடையே சுமார் 300 மீட்டர் பெயர்ச்சி உண்டு. சாட்ஸ்வர்த் போன்ற நெருக்கமான குடியிருப்பில் 300 மீட்டர் என்றால் சில தெருக்கள் அடுத்த தொகுதிக்குப் போய்விடும். ஆகவே ஸ்கேன் செய்த பழைய தாளை ஏற்றும்போது அதன் ஆள்கூற்று முறையை ஈபிஎஸ்ஜி 4222 (மென்பொருளில் கேப் டேட்டத்தின் குறியெண்) என்று கொடுங்கள். எல்லையை வரைந்து முடித்த பின் புதிய அடிப்படையின் குறியெண்ணான 4148க்கு மாற்றுங்கள். சர்வேயர் வரைபடங்களின் ஆள்கூறுகளைத் தட்டச்சு செய்தால் இன்னொரு கண்ணி இருக்கிறது: தென்னாப்பிரிக்க 'லோ' முறையில் ஒய் மேற்கு நோக்கியும் எக்ஸ் தெற்கு நோக்கியும் கூடும். குறியை மாற்றாமல் ஏற்றினால் தொகுதி இடம் மாறித் தலைகீழாக விழும். தாளின் நான்கு மூலைகளோடு, இன்றும் இடம் மாறாமல் இருக்கும் ரயில் பாலம், பழைய கோயில், சாலைச் சந்திப்பு என்று குறைந்தது நான்கு புள்ளிகளையாவது சரிபார்த்த பிறகே வரையத் தொடங்குங்கள்.

பெயர் மாற்றங்களையும் கூடவே குறியுங்கள். ஸ்டேங்கர் இன்று க்வாடுகுசா, டொங்காட் இன்று ஓதொங்காதி. டர்பன் நகரின் முக்கியத் தெருக்கள் பலவற்றுக்கு 2008இல் புதுப் பெயர் வந்தது. கிரே ஸ்ட்ரீட் இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட். மூலத்தில் இருக்கும் பெயரை அப்படியே எழுதி, முதல் தடவை மட்டும் இன்றைய பெயரைச் சேர்த்தால் போதும்.

உறுப்பினரும் கட்சியும்

1984 தேர்தலில் அமிச்சந்த் ராஜ்பன்சியின் நேஷனல் பீப்பிள்ஸ் பார்ட்டி 18 இடமும், ஜே.என். ரெட்டியின் சாலிடாரிட்டி 17 இடமும் வென்றன. ஒன்று புரோகிரெசிவ் இன்டிபெண்டன்ட் பார்ட்டிக்கு, நான்கு சுயேச்சைகளுக்கு. ஒரே ஒரு இடம் வித்தியாசம் என்பதால் கட்சி தாவல் ஓயாமல் நடந்தது. இதனால் 'கட்சி' என்ற கட்டத்தில் ஒரே சொல் எழுதினால் தவறாகிவிடும். உறுப்பினர் பெயர், கட்சி, 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்று வரிசை வரிசையாகப் போடுங்கள். தாவலின் தேதிக்கு ஹன்சார்டும் (நாடாளுமன்ற விவாதங்களின் அச்சுப் பதிவு) அந்த வாரச் செய்தித்தாளும் ஒத்துப்போக வேண்டும்.

ஹன்சார்ட் உறுப்பினர்களை முதலெழுத்தோடு மட்டும் குறிக்கும். நாயுடு, பிள்ளை, ரெட்டி, கோவெண்டர், மூட்லி, செட்டி என்று ஒரே குடும்பப் பெயரில் பலர் இருந்த சமூகம் நம்முடையது. அதனால் தொகுதிப் பெயரைக் கொண்டே ஆளை உறுதி செய்யுங்கள், குடும்பப் பெயரை மட்டும் நம்பவேண்டாம். அரீனா பார்க்கைப் போல ஒரு பெரிய தலைவரின் தொகுதியாக இருந்தால் வேறொரு ஆபத்து: தொகுதி வரலாறு ராஜ்பன்சியின் வாழ்க்கை வரலாறாக மாறிவிடும். அவர் அவையின் அமைச்சர்கள் குழுத் தலைவராக இருந்ததும், முறைகேட்டுப் புகார்களை விசாரிக்க அவர்மீது ஜேம்ஸ் ஆணையம் அமைந்ததும் ஒரு பத்திக்குள் அடங்கட்டும்.

வாக்குக் கணக்கு

இங்கேதான் பொறுமையாக உட்கார வேண்டும். 1984இல் டெலிகேட்ஸ் அவைத் தேர்தலின் வாக்குப்பதிவு சுமார் 20%. 1981இன் கவுன்சில் தேர்தலில் அது ஏறத்தாழ 10%தான். இந்தச் சதவீதங்கள் பதிவு செய்த வாக்காளர்களை வைத்துக் கணக்கிட்டவை. பதிவே செய்யாமல் ஒதுங்கியவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். புறக்கணிப்பு இயக்கத்தின் துண்டறிக்கைகள் தகுதியுள்ள எல்லாப் பெரியவர்களையும் அடிப்படையாக வைத்தன. இரு தரப்பும் சொல்லும் எண்கள் மோதுவது பெரும்பாலும் பொய்யினால் அல்ல, கீழே போடும் எண் வேறு என்பதால்.

கற்பனை எண்களில் செய்து பார்ப்போம். ஒரு தொகுதியில் தகுதியுள்ளவர்கள் 14,000, பதிவு செய்தவர்கள் 10,000, விழுந்த வாக்கு 2,000, வென்றவருக்கு 1,100 என்று வையுங்கள். பதிவின்படி வாக்குப்பதிவு 20%. தகுதியின்படி 14.3%. வென்றவர் விழுந்த வாக்கில் 55% பெற்றவர், பதிவானவர்களில் 11%, தகுதியுள்ளவர்களில் 7.9%. இந்த எல்லா எண்களையும் அட்டவணையில் கொடுங்கள், ஒவ்வொன்றின் கீழும் எதை எதால் வகுத்தது என்று எழுதுங்கள். 'பெரும்பான்மையோடு வென்றார்' என்ற சொற்களுக்குப் பின்னால் ஏறத்தாழ பதின்மூன்று பேரில் ஒருவர் மட்டுமே இருந்திருக்கலாம் என்பது அப்போதுதான் தெரியும்.

தகுதியுள்ளவர் எண்ணிக்கைக்கு 1980, 1985 கணக்கெடுப்புகளிலிருந்து இந்தியர், 18 வயதும் அதற்கு மேலும் என்ற வரிசையை எடுக்க வேண்டும். கணக்கெடுப்பின் பகுதிகள் தொகுதி எல்லையோடு ஒட்டாது. எல்லை வெட்டும் பகுதிகளைப் பரப்பளவால் பங்கிடாதீர்கள். பாதிப் பகுதி வெறும் சரிவாகவும் தொழிற்சாலையாகவும் இருக்கலாம். அந்தக் கால வான்படத்தில் வீடுகளை எண்ணி, வீட்டு விகிதத்தில் பங்கிடுங்கள். கிடைப்பதை ஒற்றை எண்ணாக எழுதாமல் வரம்பாக எழுதுங்கள்: '13,000 முதல் 15,000 வரை' என்பதுபோல.

வேறு சில சிக்கல்கள். விழுந்த வாக்கில் செல்லாத வாக்கு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். செய்தித்தாள் முடிவுகளில் பெரும்பாலும் விட்டிருப்பார்கள். வாக்குப்பதிவு நாளுக்கு முன்பே போடப்பட்ட சிறப்பு வாக்குகள் தனியே காட்டப்பட்டிருந்தால் அதை மொத்தத்தில் கரைக்காதீர்கள். முதியோரிடமும் நோயாளிகளிடமும் அவை எப்படித் திரட்டப்பட்டன என்பது அந்நாளில் பெரிய சர்ச்சை. தேர்தல் மறுநாள் செய்தித்தாளில் வந்த எண்ணும் அரசு வெளியிட்ட எண்ணும் வேறுபட்டால் இரண்டையும் கொடுத்து, அரசு எண்ணைக் கொண்டு கணக்கிடுங்கள். தேசிய முடிவுகளின் சுருக்கத்துக்கு இன உறவு ஆய்வு நிறுவனத்தின் ஆண்டு அறிக்கைகள் நல்ல தொடக்கம்.

வாக்காளர் பட்டியல் கைக்குக் கிடைத்தால் எண்ணிக்கைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பெயரும் அடையாள எண்ணும் உள்ள பக்கத்தைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றக் கூடாது. அதிலுள்ளவர்கள் பலர் உயிரோடு இருக்கிறார்கள்; 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

தாள்களில் தேடுவது

டர்பனில் லீடர், கிராஃபிக், போஸ்ட் ஆகிய இதழ்கள் முதல் தேடலுக்கு. காந்தி 1903இல் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் 1961இலேயே நின்றுவிட்டது. அது 1946 பகுதிக்கு மட்டும் உதவும். தேர்தலுக்கு முன் ஆறு வாரம், பின் இரண்டு வாரம் என்று இதழ்களை வரிசையாகப் புரட்டுங்கள். தேடுசொல்லை மட்டும் நம்பினால் கூட்ட அறிவிப்பும் கோயில் மண்டப விளம்பரமும் தப்பிப்போகும். எந்த மண்டபம் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பது தொகுதி அரசியலின் உயிர்நாடி.

புறக்கணிப்புத் தரப்பின் துண்டறிக்கைகளுக்கு க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையம், விட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹிஸ்டாரிக்கல் பேப்பர்ஸ் ஆவணப் பிரிவு, இணையத்தில் டிசா என்ற ஆவணத் தொகுப்பு. நேட்டால் இந்தியன் காங்கிரஸ் 1971இல் மீண்டும் உயிர்பெற்றது. டிரான்ஸ்வால் காங்கிரஸ் 1983இல். அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று, இனவாத அரசை எதிர்த்த அமைப்புகளின் கூட்டணியான யுனைடெட் டெமாக்ரடிக் ஃப்ரன்ட் (யுடிஎஃப்) தொடங்கியது. 1984 தேர்தலையொட்டித் தலைவர்கள் கைதானார்கள். செப்டம்பர் 13 அன்று ஆறு பேர் டர்பனில் பிரிட்டிஷ் தூதரக அலுவலகத்தில் தஞ்சம் புகுந்தார்கள். இந்த நாட்களை உங்கள் தொகுதியின் காலவரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியாக வைத்துக்கொண்டால், உள்ளூர்க் கூட்டம் ஏன் திடீரென்று ரத்தானது என்பது விளங்கும்.

1989 செய்திகளை வேறு கண்ணோடு படிக்க வேண்டும். 1986 ஜூன் 12 முதல் நாடெங்கும் அவசரநிலை. 1988 பிப்ரவரியில் யுடிஎஃப்பின் செயல்பாடுகள் தடுக்கப்பட்டன. புறக்கணிப்பைப் பற்றி ஒரு இதழ் எழுதவில்லை என்பது, புறக்கணிப்பு நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது.

அரசுக் கோப்புகள் பிரிட்டோரியா, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. 20 ஆண்டு கடந்த கோப்பு பொதுவாகத் திறந்தது என்பதால் இக்காலத்துக்குத் தடையில்லை. போவதற்கு முன் இணையப் பட்டியலில் கோப்பு எண்ணை எடுத்துச் செல்லுங்கள். எண்ணில்லாமல் போனால் ஒரு நாள் வீண். ஹன்சார்டில் தேட நல்ல சொற்கள்: தொகுதிப் பெயர், வீட்டு வாடகை, பள்ளி, தாய்மொழி. டெலிகேட்ஸ் அவையின் கையில் இந்தியர் கல்வி இருந்ததால், பள்ளிகளில் தமிழ் கற்பித்தல் பற்றிய விவாதங்களும் அங்கேதான் கிடைக்கும். நமக்கு இது தனிச் செல்வம். இதற்காகவே ஒரு பகுதி ஒதுக்கலாம்.

கேட்டுப் பதிவு செய்வது

1984இல் வாக்களிக்கத் தகுதி பெற்றவர் 1966 ஆகஸ்ட்டுக்குள் பிறந்தவராக இருக்க வேண்டும். அதனால் இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. முதியவரிடம் 'ஆன்ட்டி, நீங்கள் வாக்களித்தீர்களா?' என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்வி குடும்பங்களைப் பிரித்த கேள்வி. போனவர் வெட்கப்படலாம், போகாதவர் பெருமைக்காகக் கூட்டிச் சொல்லலாம். வாக்குச்சாவடி எந்தப் பள்ளியில், யார் யார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள், கார் அனுப்பியது யார், பென்ஷனோ வீடோ பறிபோகும் என்று யாராவது சொன்னார்களா என்று இடத்தையும் ஆளையும் கேளுங்கள். வாக்களித்த கதை தானாக வரும். நின்ற வேட்பாளருக்கு உழைத்தவர், புறக்கணிப்புக்கு உழைத்தவர், இரண்டிலும் சேராதவர் என்று மூவகையிலும் ஆள் வேண்டும். சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், பெயரை வெளியிடலாமா என்பதைத் தனிக் கேள்வியாக வையுங்கள். பேச்சில் வந்த தேதியைச் செய்தித்தாளோடு ஒப்பிட்ட பிறகே கட்டுரையில் ஏற்றுங்கள். 1981, 1984, 1989 மூன்றும் நினைவில் எளிதில் கலந்துவிடும்.

எழுதும்போது

'மக்களுக்கு அக்கறை இல்லை' என்று எழுதாதீர்கள். கூட்டம் போட்டு, துண்டறிக்கை அடித்து, சிறைக்குப் போய் மறுத்தவர்களை அக்கறையற்றவர்கள் என்பது அநீதி. அதேபோல், வாக்களிக்காத எல்லோரையும் போராளிகளாக்கவும் வேண்டாம். பயம், வேலை நேரம், தொலைவு, உண்மையான அலட்சியம் எல்லாம் இருந்தன. சான்று எதைக் காட்டுகிறதோ அந்த அளவுக்கு மட்டும் சொல்லுங்கள்.

தொகுதியின் முடிவுத் தேதியையும் சரியாக எழுதுங்கள். கடைசிப் பொதுத் தேர்தல் 1989. ஆனால் அவை முடிவுக்கு வந்தது 1994 ஏப்ரல் 27 தேர்தலோடு. அன்று முதல் தேசிய நாடாளுமன்றத்துக்குக் கட்சிப் பட்டியல் விகிதாசார முறை. அதில் அரீனா பார்க் போன்ற தொகுதியே கிடையாது. இன்றைய நகராட்சி வார்டுகளைப் பழைய தொகுதியின் வாரிசாகக் காட்டுவது தவறு. வார்டு எல்லைகளை வகுப்பது நகராட்சி எல்லை வாரியம், அதன் அளவுகோலே வேறு. பழைய எல்லைக்குள் இன்று எந்தெந்த வார்டு விழுகிறது என்று ஒரு வரைபடம் மட்டும் கொடுக்கலாம்.

முடித்த கட்டுரையின் முதல் பக்கத்தில் பதிப்புத் தேதி இருக்கட்டும். ஒரு அச்சுப்படியை உங்கள் ஊர் நூலகத்துக்கும், ஒன்றை வெஸ்ட்வில் ஆவண மையத்துக்கும் கொடுங்கள். கியூஜிஐஎஸ் எல்லைக் கோப்பையும் வாக்குக் கணக்கு அட்டவணையையும் தனிக் கோப்புகளாகச் சேர்த்துக் கொடுங்கள். பக்கத்துத் தொகுதியை எழுதுபவர் அதே எல்லைக்கோட்டை மறுபக்கத்திலிருந்து மீண்டும் வரைய வேண்டியிராது.